ஸ்டான்லிக்கு அனுப்பும் முன்: வடசென்னை நர்சிங் ஹோம்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

பத்துக் கட்டில் முதல் ஐம்பது கட்டில் வரை உள்ள தனியார் மருத்துவமனைகளில் புதிதாகச் சேர்ந்த டியூட்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்சுகள், நிர்வாகம் பார்க்க வந்தவர்கள் ஆகியோருக்காக இது எழுதப்படுகிறது. ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் என எந்தப் பக்கம் வேலை பார்த்தாலும், "இங்க முடியாதுங்க, ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவீர்கள். அது சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் பழைய ஜெயில் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இன்னொரு ஸ்ட்ரெச்சர் வரிசையில் சேர்கிறது. சில நேரம் அனுப்புவதுதான் சரி. பல நேரம் அனுப்பத் தேவையே இருந்திருக்காது, அல்லது அனுப்பிய விதம் தவறாக இருந்திருக்கும்.

நெரிசல் எங்கிருந்து வருகிறது

அரசு மருத்துவமனை கேஷுவல்டியில், அதாவது அவசரப் பிரிவில், கூட்டம் மூன்று வழியாகச் சேர்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் கட்டுப்படியாகும் செலவில் வேறெங்கும் கதவு திறந்திராததால் வரும் காய்ச்சல், வாந்தி, சிறு காயம் முதல் வகை. தனியாரில் இரண்டு மூன்று நாள் இருந்து, காசு தீர்ந்தபின்போ நிலைமை கைமீறியபின்போ நள்ளிரவில் வந்து இறங்குபவர்கள் இரண்டாம் வகை. மூன்றாவது வெளியே தெரியாது. மேல் மாடி வார்டில் கட்டில் காலியாகாததால், சேர்க்கை போட்ட நோயாளி கேஷுவல்டியிலேயே படுத்திருப்பார். புதிதாக வருபவருக்கு அப்போது இடம் இருக்காது.

பொதுமக்கள் முதல் வகையைத்தான் குறை சொல்வார்கள். அது சீட்டுப் போடும் இடத்தில் வரிசையை நீட்டும், கட்டிலை அவ்வளவாகப் பிடிக்காது. கட்டிலைப் பிடிப்பது மூன்றாவது. டாக்டர், நர்ஸ் என்று நாலு பேரின் கையை ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்வது இரண்டாவது. இந்த இரண்டாவதை நாளைக் காலையிலிருந்தே குறைக்க முடியும், அதற்குப் புதுக் கட்டடமோ பெரிய பணமோ வேண்டாம். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

வாசலைத் தயார் செய்வது

வாசலுக்கு மிக அருகிலுள்ள ஒரு கட்டிலை அவசரத்துக்கென்று ஒதுக்குங்கள். அதில் அட்மிஷன் நோயாளியைப் போடக் கூடாது, "ஒரு ராத்திரிக்கு மட்டும்" என்று கேட்டாலும் கூடாது. அந்தக் கட்டிலைச் சுற்றி இருக்க வேண்டியவை: ஆக்சிஜன், சக்ஷன், 12 லீடு இசிஜி, டிஃபிப்ரிலேட்டர், குளுக்கோமீட்டர், நெபுலைசர், பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனி ஆம்பு பை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), 3 முதல் 8 வரை சுவாசக் குழாய்கள், 16, 18, 20, 22 கேஜ் வென்ஃபிளான்கள் (நரம்பில் போடும் ஊசிக் குழாய்கள்), மூன்று அளவில் கழுத்துக் காலர், கை கால் கட்டத் தட்டைகள்.

இவையெல்லாம் பெரும்பாலான நர்சிங் ஹோம்களில் இருக்கும். தேவைப்படும் நிமிடத்தில் வேலை செய்யாது என்பதுதான் சிக்கல். சுவாசக் குழாய் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பேட்டரி செத்திருக்கும். இசிஜி தாள் தீர்ந்திருக்கும். சக்ஷன் மிஷின் ஓடும், குழாய் இருக்காது. மருந்து அலமாரிச் சாவி, டியூட்டி முடிந்துபோன சிஸ்டரின் கைப்பையில் இருக்கும். ஷிஃப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் வருகிறவரும் போகிறவரும் சேர்ந்து நின்று, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, ஒரே பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஒருவர் மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டால் சில வாரங்களில் பார்க்காமலே கையெழுத்திடும் பழக்கம் வந்துவிடும்.

வந்தவரை நிறம் பிரிப்பது

தரம் பிரிக்கும் வேலை நர்சுடையது. பில் கவுன்டரில் இருப்பவர் அதைச் செய்யக் கூடாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் டி.ஏ.இ.ஐ. என்ற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள். நீங்களும் அதே நிறங்களை வைத்துக்கொள்ளுங்கள். "சிவப்பு வருது" என்று ஃபோனில் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு உடனே புரியும்.

சிவப்பு: மூச்சில் குறட்டை போன்ற சத்தம், மூச்சு எண்ணிக்கை நிமிடத்துக்கு 10க்குக் கீழ் அல்லது 30க்கு மேல், ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழ், மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ், கூப்பிட்டால் பதில் இல்லை, நிற்காத வலிப்பு, நிற்காத ரத்தம், வியர்வையோடு நெஞ்சு வலி, திடீரென்று வாய் கோணல் அல்லது ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி. இவர்களுக்குக் கட்டில் முதலில், சீட்டு பிறகு. மஞ்சள் என்றால் நடக்க முடியாத வலி, எலும்பு முறிவு, நீர் வற்றிய வாந்தி பேதி, பேச்சுத் தெளிவோடு மூச்சிரைப்பு போன்றவை. அரை மணிக்குள் டாக்டர் பார்க்க வேண்டும். மற்றவை பச்சை.

ஒருமுறை போட்ட நிறம் அப்படியே இருக்காது. மஞ்சளில் காத்திருப்பவரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். முதல் பார்வையில் மஞ்சள் என்று எழுதியவர் நாற்காலியிலேயே சரிந்து விழுவதற்குக் காரணம், இரண்டாவது பார்வையை யாரும் பார்க்காததுதான்.

உங்களிடமே முடிய வேண்டியவை

டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வடசென்னையின் நர்சிங் ஹோம்கள் ஸ்டான்லிக்கும் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் அதிகம் அனுப்புவது இதைத்தான். அனுப்பும் காரணம் பெரும்பாலும் தவறு. தட்டணு 60,000 ஆனதும் பயந்து ரெஃபர் எழுதுகிறார்கள். ரத்தக் கசிவு இல்லாதவருக்கு 10,000க்குக் கீழே போகும்வரை பொதுவாகத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை. உயிரை எடுப்பது தட்டணுக் குறைவைவிட ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதுதான். காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதியாகும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தான கட்டம். ஆகவே தட்டணுவோடு ஹிமட்டோக்ரிட்டையும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்; நீர் கசிந்தால் இது ஏறும்) பாருங்கள். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மந்தம், ஹிமட்டோக்ரிட் ஏறிக்கொண்டே தட்டணு சட்டென்று இறங்குவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். அவை இருந்தால் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட்டை ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 5 முதல் 7 மில்லி என ஒன்றிரண்டு மணி நேரம் கொடுத்து, பிறகு 3 முதல் 5 மில்லி, அதன்பின் 2 முதல் 3 மில்லி என்று இறக்குங்கள். நான்கு அல்லது ஆறு மணிக்கு ஒருமுறை ஹிமட்டோக்ரிட் எடுத்து அதற்கேற்ப மாற்ற வேண்டும். "பாட்டில் போட்டால் நல்லது" என்று கணக்கில்லாமல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து, அப்போது உண்மையிலேயே அனுப்ப வேண்டிய நிலை வரும். நாடி தளர்ந்து, கை கால் சில்லிட்டு, மேல் கீழ் ரத்த அழுத்த இடைவெளி 20க்குச் சுருங்கினால் அது ஷாக். உடனே நீர் ஏற்றத் தொடங்கிவிட்டு, ஏறிக்கொண்டிருக்கும்போதே அனுப்புங்கள்.

சர்க்கரை இறங்கி மயங்கியவர். 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 50 மில்லி அல்லது 25 சதவீதம் 100 மில்லி, இரண்டிலும் 25 கிராம் குளுக்கோஸ்தான். எழுந்து உட்கார்ந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது இதில் அடிக்கடி நடக்கும் தவறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை சில மணி நேரத்தில் திரும்ப இறங்கும், சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் மோசம். 24 மணி நேரம் வைத்திருங்கள். இல்லையென்றால் அவர் விடியற்காலை நாலு மணிக்கு நினைவில்லாமல் ஸ்டான்லியில் இருப்பார்.

ஆஸ்துமா. சால்பியூட்டமால் 5 மில்லிகிராம் நெபுலைசேஷன் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று தடவை, கூடவே ஐப்ராட்ரோப்பியம் 500 மைக்ரோகிராம், ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் அல்லது வாய் வழியாகப் பிரெட்னிசலோன் 40 மில்லிகிராம். ஒரு மணி நேரம் முழுதாகக் கொடுத்துப் பார்த்த பிறகே அனுப்புவதா என்று யோசிக்க வேண்டும். அதற்குள் பேச்சு வார்த்தை வார்த்தையாக உடைந்தாலோ, மார்பில் சத்தமே கேட்காமல் அடங்கினாலோ காத்திருக்கக் கூடாது. பல வருடம் பீடி குடித்த பெரியவருக்கு ஆக்சிஜன் அளவு 88 முதல் 92 வரை போதும். 100க்கு ஏற்றினால் கரியமில வாயு தேங்கி மயங்கக்கூடும்.

நாய்க்கடி. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதை உங்கள் குழாயடியிலேயே செய்யுங்கள். அதைச் செய்யாமல் "ஊசி அங்க ஃப்ரீ" என்று அனுப்புவது பெரிய தவறு. தடுப்பூசி தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தோல் கிழிந்த கடிக்கு முதல் நாளே இம்யூனோகுளோபுலின் காயத்தைச் சுற்றிப் போட வேண்டும். அது உங்களிடம் இல்லை என்றால் கழுவி, முதல் ஊசியைப் போட்டு, தேதியைச் சீட்டில் எழுதி, அதற்கு மட்டும் அனுப்புங்கள்.

மாத்திரை தீர்ந்துபோய் ரத்த அழுத்தம் ஏறி வருபவர்களும் நிறைய. அறிகுறி எதுவும் இல்லாமல் அளவு மட்டும் ஏறியிருந்தால், அவசரமாக இறக்க வேண்டாம். நாக்குக்கு அடியில் நிஃபெடிப்பின் வேண்டவே வேண்டாம். பழைய மாத்திரையைத் திரும்பத் தொடங்கி, வீடு தேடி வந்து மாத்திரை தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்களிடமோ அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிந்துவிடச் சொல்லுங்கள். மாதாமாதம் மாத்திரை கிடைத்துவிட்டால் அந்த ஆள் கேஷுவல்டிக்கு வரமாட்டார்.

இதற்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. இரவு அவசரக் கட்டணம் எவ்வளவு என்று வாசல் பலகையில் தமிழில் எழுதி வையுங்கள். மூட்டை தூக்கியோ மீன் விற்றோ வருகிற குடும்பம் உள்ளே வரத் தயங்குவது நோய்க்குப் பயந்து அல்ல. பில் எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில்தான் இரண்டு கிலோமீட்டர் தள்ளி அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள்.

அனுப்பித்தான் ஆக வேண்டும், ஆனால் முதல் அரை மணி உங்களுடையது

மாரடைப்பு. வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி. அதில் எஸ்.டி. உயர்வு (ரத்தக் குழாய் முழுதாக அடைத்த மாரடைப்பைக் காட்டும் கோட்டு மேடு) இருந்தால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மெல்லச் சொல்லி, குளோபிடோக்ரெல் 300, அட்டோர்வாஸ்டாட்டின் 80 கொடுங்கள். ரத்தக்கட்டி கரைக்கும் மருந்து போடப்போகும் 75 வயது கடந்தவருக்குக் குளோபிடோக்ரெல் 75 மட்டும். இனி ஒரு கேள்வி: ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் பலூன் போட்டுவிட முடியுமா? எண்ணூரிலிருந்து சாயங்கால நேரத்தில், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பெரும்பாலும் முடியாது. அப்படியானால் நீங்களே 30 நிமிடத்துக்குள் கரைக்கும் மருந்து போட வேண்டும். டெனக்டிப்ளேஸ் ஒரே ஊசி: 60 கிலோவுக்குக் கீழ் 30 மில்லிகிராம், 60லிருந்து 35, 70லிருந்து 40, 80லிருந்து 45, 90க்கு மேல் 50. 75 வயது கடந்தவருக்குப் பாதி அளவு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் சொட்டாக. போடுவதற்கு முன் பழைய மூளை ரத்தக்கசிவு, மூன்று மாதத்துக்குள் வந்த பக்கவாதம், சமீபத்திய அறுவை சிகிச்சை, வயிற்று ரத்தக்கசிவு பற்றிக் கேளுங்கள். மருந்து போட்டவரை அங்கேயே விட்டுவிடக் கூடாது. அடுத்த 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ எடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். புதியவர்கள் மருந்து போடப் பயந்து வெறுமனே அனுப்புவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனாலும் மூத்த இதய மருத்துவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் இசிஜியை அனுப்பி, வார்த்தையில் ஒப்புதல் வாங்கிப் போடும் ஏற்பாட்டை நோயாளி இல்லாத பகல் வேளையிலேயே பேசி வைத்திருக்க முடியும்.

பக்கவாதம். இங்கே உங்கள் வேலை குறைவு, வேகம்தான் முக்கியம். "எப்போ கடைசியா நல்லா இருந்தாரு?" என்று கேட்டு மணியை எழுதுங்கள். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், விழுந்து கிடந்ததைப் பார்த்த நேரத்தைத்தான் சொல்வார்கள். கணக்கு அங்கிருந்து தொடங்காது. நாலரை மணி நேரத்துக்குள் கரைக்கும் மருந்து போட வேண்டும். சர்க்கரை பாருங்கள், ஒரு ஊசி லைன் போடுங்கள், சி.டி. எடுக்கும்முன் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், 185/110க்குக் கீழ் இருந்தால் ரத்த அழுத்தத்தைத் தொடாதீர்கள். உங்களிடம் சி.டி. இல்லையென்றால் ஸ்கேன் சென்டருக்கு அனுப்பி, படம் வாங்கி, திரும்ப வரவழைத்து, பிறகு ரெஃபர் செய்யும் சுற்று வேண்டாம். அந்தச் சுற்றிலேயே நாலரை மணி கரைந்துவிடும்.

சாலை விபத்து. மணலி விரைவுச் சாலையிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் லாரி அடித்து வருபவர்களுக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இவை: கழுத்துக் காலர், ஆக்சிஜன், ரத்தம் வரும் இடத்தில் கையை வைத்து அழுத்தம், இரண்டு பெரிய ஊசி லைன், ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரனெக்சாமிக் அமிலம் 1 கிராம் பத்து நிமிடத்தில். இந்த மருந்து அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அதன் பிறகு கொடுத்தால் தீங்கும் செய்யலாம். இடுப்பெலும்பு ஆடினால் படுக்கை விரிப்பை மடித்துத் தொடை எலும்பின் மேல்முனை மட்டத்தில் இறுக்கிக் கட்டுங்கள். வயிற்றில் கட்டினால் பயனில்லை. சலைன் ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றாதீர்கள். ரத்தம் நீர்த்து, உடம்பு குளிர்ந்து, கசிவு கூடும். தலையில் அடி இல்லாதவருக்கு மேல் அழுத்தம் 80, 90 இருந்தாலே போகும் வழிக்குப் போதும். தலையில் அடி இருந்தால் 110க்குக் குறைய விடக் கூடாது. அறுவை மருத்துவர் இல்லாத இடத்தில் எக்ஸ்ரே, சி.டி. என்று சேர்த்துக்கொண்டே போவதில் பயனில்லை, எல்லாம் அங்கே திரும்ப எடுக்கத்தான் போகிறார்கள்.

துண்டான விரல். காசிமேட்டு விசைப்படகு வின்ச், பட்டறை பிரஸ் மிஷின் போன்றவற்றில் விரல் போய் வருபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: கை அறுவை சிகிச்சையில் நாடறிந்த பிரிவு ஸ்டான்லியிலேயே இருக்கிறது. துண்டை நீங்கள் எப்படிக் கொடுத்தனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது ஒட்டும். சலைனில் அலசி, சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். அந்தப் பையை, தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். ஐஸ்கட்டி நேராகத் தோலில் படக் கூடாது, உறைந்த திசு உயிர் பெறாது. மீன் வைக்கும் ஐஸ் பெட்டியில் அப்படியே போட்டுக் கொண்டுவருவது இங்கே சகஜம் என்பதால், ஃபோனில் கேட்பவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தக் குழாயைப் பிடித்துக் கட்டாதீர்கள், அழுத்திக் கட்டினால் போதும். தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்காதீர்கள்.

கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம் மெதுவாக நரம்பிலும், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராமும், ஆக 14 கிராம் போட்டுவிட்டு இடப்பக்கம் சாய்த்து அனுப்புங்கள்.

எங்கே அனுப்புவது

எல்லாவற்றையும் ஸ்டான்லிக்கே அனுப்புவது பழக்கதோஷம். பிரசவம், கர்ப்பகாலச் சிக்கல் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை. தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை. குழந்தைக்கு எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. கண்ணில் ரசாயனம் பட்டால் அரை மணி நேரம் நீங்கள் கழுவிய பிறகு எழும்பூர் கண் மருத்துவமனை. தொண்டை அடைப்பான், அம்மை, காலரா போன்றவற்றுக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை. பெரம்பூர், கொளத்தூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரியார் நகரில் 2025இல் திறந்த பெரியார் அரசு மருத்துவமனை ஸ்டான்லியைவிடக் கிட்டம். இந்தப் பட்டியலைக் கேஸ் வாரியாக எழுதி, ஒவ்வொன்றின் கேஷுவல்டி எண்ணோடு சுவரில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்களைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

அனுப்பும் முறை

முதலில் ஃபோன். 108 வண்டியில் போனால் அதன் ஊழியர் முன்தகவல் கொடுப்பார். தனியார் வண்டியில் போனால் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நான்கு வரி போதும்: யார், என்ன, இப்போது எப்படி இருக்கிறார், அங்கே என்ன வேண்டும். "வென்டிலேட்டர் வேண்டும்" என்றால் அதை முதல் வரியாகச் சொல்லுங்கள். கட்டில் இல்லை என்று சொன்னால் இன்னொரு இடம் கேட்டு ஏற்பாடு செய்ய அப்போது நேரம் இருக்கும். வாசலில் போய் நின்ற பிறகு கேட்டால், ஆம்பு பையை அழுத்திக்கொண்டு வண்டிக்குள்ளேயே உறவினர் உட்கார்ந்திருக்கும் கொடுமைதான் நடக்கும்.

இரண்டாவது, கடிதம். "மேல் சிகிச்சைக்காக" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் அங்கே இருப்பவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு மாதிரி: "ஆண், 54, சர்க்கரை நோயாளி. மாலை 6.10க்கு நெஞ்சு வலி. 6.50க்கு வந்தார். 6.56 இசிஜி, இணைத்துள்ளோம். 7.00க்கு ஆஸ்பிரின் 300, குளோபிடோக்ரெல் 300, அட்டோர்வாஸ்டாட்டின் 80. 7.18க்கு டெனக்டிப்ளேஸ் 40. 7.50க்கு ரத்த அழுத்தம் 110/70, நாடி 84, வலி பாதி குறைந்தது. பென்சிலின் ஒவ்வாமை. உடன் வருபவர் மனைவி. டாக்டர் பெயர், கைபேசி எண்." ஒவ்வொரு மருந்துக்கும் மணி இருப்பதைக் கவனியுங்கள். மணி இல்லாத மருந்தை அங்கே மறுபடி கொடுத்துவிடும் ஆபத்து உண்டு.

மூன்றாவது, ஆக்சிஜன் கணக்கு. வண்டியில் இருக்கும் பி டைப் சிலிண்டர் முழுதாக இருந்தால் சுமார் 1500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் 150 நிமிடம், 15 லிட்டர் போனால் 100 நிமிடம். மானியில் முள் பாதியில் நின்றால் அதில் பாதி. தேவையைக் கணக்கிட, ஓட்டம் பெருக்கல் பயண நிமிடம் பெருக்கல் இரண்டு. திருவொற்றியூரிலிருந்து முக்கால் மணி என்று நினைத்தால், 10 லிட்டர் ஓட்டத்துக்கு 900 லிட்டர் வேண்டும். இரண்டால் பெருக்குவது வீணாகத் தோன்றலாம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும்போதும், இறங்கியபின் ஸ்ட்ரெச்சருக்குக் காத்திருக்கும்போதும் அந்தக் கூடுதல்தான் மூச்சைக் காக்கும்.

நான்காவது, கூடப் போகிறவர். சிவப்பு நோயாளியோடு டாக்டரோ அனுபவமுள்ள ஸ்டாஃப் நர்ஸோ போக வேண்டும். போய், வாய்மொழியாகச் சொல்லி ஒப்படைத்து, ஏற்றுக்கொண்டவரின் பெயரை எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இறந்துவிட்டவரை உயிர் இருப்பதாக எழுதி வண்டியில் ஏற்றாதீர்கள். வீட்டாரின் கோபத்துக்குப் பயந்து செய்யப்படும் இந்த வேலை, அரசு மருத்துவமனையின் ஒரு குழுவை அரை மணி நேரம் கட்டிப்போடும், குடும்பத்துக்குப் பொய் நம்பிக்கை கொடுத்துப் பறிக்கும். உட்கார வைத்து, பெயரைச் சொல்லி, "இறந்துட்டாரு" என்ற சொல்லையே சொல்லுங்கள். காசு தீர்வதையும் முன்கூட்டியே பேசுங்கள். செலவு தாங்காது என்று தெரிந்தால் முதல் நாள் காலையிலேயே அனுப்பலாம். நாலாம் நாள் நள்ளிரவு, வென்டிலேட்டரோடு அனுப்புவதைவிட அது எல்லோருக்கும் நல்லது.

போலீஸ், ஏ.ஆர்.

"ஆக்சிடென்ட் கேஸ், போலீஸ் வரட்டும்" என்று யாராவது சொன்னால் அது சட்டவிரோதம். பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம், அரசோ தனியாரோ எந்த மருத்துவரும் சட்டச் சடங்குக்குக் காத்திராமல் உயிர்காக்கும் சிகிச்சை தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 134ஏ பிரிவு, அடிபட்டவரைத் தூக்கி வந்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அவர் பெயர் சொல்ல விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள், பணம் கட்டச் சொல்லாதீர்கள். பாலியல் வன்முறை, அமில வீச்சுக்கு ஆளானவருக்கு இலவச முதல் சிகிச்சை மறுத்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவின்படி தண்டனை உண்டு.

ஏ.ஆர். புத்தகத்தை, அதாவது விபத்துப் பதிவேட்டை, நீங்களே எழுதுங்கள். எழுதாமல் "ஏ.ஆர். போட ஸ்டான்லிக்குப் போங்க" என்று சிறு காயத்தோடு அனுப்புவதும் கேஷுவல்டி வரிசைக்கு ஒரு காரணம். நேரம், கூட்டி வந்தவர், இரண்டு அங்க அடையாளம், எப்படி அடிபட்டது என்று நோயாளி சொன்ன சொற்களிலேயே, காயத்தின் நீளம் அகலம் சென்டிமீட்டரில். பிறகு எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, வாங்கியவரின் கையெழுத்தைப் பெறுங்கள்.

செலவுக்கு வழி

2021 டிசம்பர் 18இல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வருமானம், சொந்த ஊர், காப்பீட்டு அட்டை எதுவும் கேட்கக் கூடாது. மணலி கிடங்கில் வேலை பார்க்கும் பீகார் இளைஞருக்கும் பொருந்தும். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும், அந்தப் பட்டியலில் சேர்வதுதான் அரசு கேஷுவல்டியின் சுமையை நீங்கள் நேரடியாகப் பகிரும் வழி. ஒன்றிய அரசின் திட்டம் 2025 மே 5இல் அறிவிக்கப்பட்டது: விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள், ரூ.1.5 லட்சம் வரை. பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு நிலைப்படுத்தும் சிகிச்சைக்கு மட்டும் பணம் வரும்.

மற்ற நோய்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: ஆண்டு வருமானம் ரூ.1.20 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. அட்டை இருக்கிறதா என்று அட்மிஷன் நேரத்திலேயே கேளுங்கள். மூன்றாம் நாள் கேட்பதால்தான் பலர் கையிருப்பை முழுதும் கொட்டிவிட்டுப் பிறகு ரெஃபர் ஆகிறார்கள். உங்கள் மருத்துவமனை பட்டியலில் இல்லையென்றால், பட்டியலில் உள்ள பக்கத்துத் தனியாருக்கு அனுப்பலாம். எல்லாம் அரசுக்கே போக வேண்டும் என்பதில்லை.

திரும்ப வாங்கிக்கொள்வது

ஆபத்துக் கட்டம் தாண்டியவர்களை அரசு மருத்துவமனையிலிருந்து உங்களிடம் எடுத்துக்கொள்வதைப் பெரும்பாலான நர்சிங் ஹோம்கள் யோசிப்பதே இல்லை. ஐந்து நாள் நரம்பு வழி ஆன்டிபயாடிக் மட்டும் மிச்சமிருப்பவர், டிரெஸ்ஸிங்குக்காகப் படுத்திருப்பவர், வீட்டில் ஆக்சிஜன் ஏற்பாடாகும்வரை காத்திருப்பவர் என இப்படி இரண்டு பேரை எடுத்துக்கொண்டால் மேலே இரண்டு கட்டில், கீழே கேஷுவல்டியில் இரண்டு கட்டில் விடுபடும்.

அரசு மருத்துவமனையின் ஆர்.எம்.ஓ. (உள்ளுறை மருத்துவ அதிகாரி) அலுவலகத்தில் பேசி, ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: என்னென்ன வகை நோயாளிகள், எத்தனை கட்டில், செலவு யாருடையது, நிலைமை மோசமானால் எந்த எண்ணுக்குக் கூப்பிட்டு எவ்வளவு நேரத்தில் திரும்ப அனுப்பலாம். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் ஏற்பாடு முதல் சிக்கலிலேயே முறியும். டிரெஸ்ஸிங் போன்றவற்றுக்குக் காப்பீட்டில் தனியாகப் பணம் வருவதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு கட்டிலைக் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ ஒதுக்க முடியுமா என்று நிர்வாகத்திடம் வெளிப்படையாகக் கேட்டு முடிவெடுத்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

மழையும் ஆலையும்

ஜெனரேட்டர் தரைத்தளத்துக்குக் கீழே இருந்தால் மழைக்கு முன் மேலேற்றுங்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மாற்று வழி எது என்று டிரைவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டி டைப் சிலிண்டர் இரண்டாவது கூடுதலாக வைத்திருங்கள். ஒன்றில் சுமார் 7000 லிட்டர் இருக்கும்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். அப்படி ஒரு இரவில் முதலில் தட்டப்படுவது பக்கத்துத் தனியாரின் கதவுதான். உடையைக் கழற்றச் சொல்லி, வாசலுக்கு வெளியிலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். உள்ளே விட்டபின் கழுவினால் உங்கள் நர்சுகளுக்கும் மூச்சு முட்டும். கண்ணுக்கு 15 முதல் 30 நிமிடம் சலைன். ஈரப்படுத்திய ஆக்சிஜன், தேவைப்பட்டால் நெபுலைசேஷன். குரல் கம்மினாலோ மூச்சு இழுக்கும்போது சீறல் கேட்டாலோ அது சிவப்பு, தொண்டை வீங்கி அடைக்கும் முன் குழாய் போட வேண்டும். இருமல் மட்டும் உள்ளவரை உங்களிடமே வைத்துக் கவனியுங்கள், நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஐம்பது பேர் வந்தால் நாற்பது பேருக்கு இதுவே போதும். மீதிப் பேருக்குத்தான் ஸ்டான்லியின் கட்டில் வேண்டும்.

அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ரெஃபர் பதிவேட்டில் ஒரு வரி இருக்கட்டும்: வந்த மணி, அனுப்பிய மணி, ஃபோன் செய்தோமா, கூட யார் போனார்கள். கடைசிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு உறவினரைக் கூப்பிட்டு, இப்போது எப்படி இருக்கிறார், எந்த வார்டில் இருக்கிறார் என்று கேட்டு அதில் எழுதுங்கள்.